காந்தியைத் தேடி 1 லட்சம் மைல்!

1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி.

நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் அட்லாண்டிக் பெருங்கடல். கப்பலில் ஒரு தமிழ் வாலிபர் இருந்தார். வயது 25. போட்டோக் கலை படித்து முடித்துவிட்டு, அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டவர் அவர்.

அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அது அவருடைய நினைவுக்கு வந்தது. கூடவே ஓர் எண்ணமும் பிறந்தது. காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு சினிமாப் படமாக எடுத்தால் என்ன? வேஷம் கட்டி நடிக்கும் படம் அல்ல. காந்தியடிகளே நடந்து வரும் படம், அவரே பேசும் படம், அவரே ராட்டை சுற்றும் படம்.

அந்த வாலிபரிடம் சினிமாக் கம்பெனி கிடையாது. பெரிய பணமும் கிடையாது. கையில் இருந்தது ஒரே ஒரு சொத்துத்தான். அது அவர் கற்ற கலை.

மூன்றே ஆண்டுகளில் அந்தப் படம் சென்னையில் திரையிடப்பட்டது!

அந்த வாலிபர்தான் ஏ. கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நாடு போற்றியவர்.

கோட்டையூர்ப் பிள்ளை

செட்டிநாட்டில், காரைக்குடிக்கு அருகே உள்ள ஊர் கோட்டையூர். அங்கே 1911-ஆம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி பிறந்தார் கருப்பன் செட்டியார். பள்ளிப் படிப்பைத் திருவண்ணாமலையில் படித்தார்.

நகரத்தார் குடும்பத்துப் பிள்ளை என்றால், அந்தக் காலத்தில் வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். வட்டிக் கணக்குப் பழக வேண்டும். வயது வந்ததும் கப்பல் ஏறி பர்மாவுக்கோ, மலேயாவுக்கோ, இலங்கைக்கோ போக வேண்டும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மெல்ல மெல்ல முதலாளி ஆக வேண்டும்.

கருப்பனும் பர்மாவுக்குத்தான் போனார். ஆனால் பெட்டியடியில் உட்காரவில்லை. 'தனவணிகன்' என்ற தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது.

பத்திரிகை நடத்தியவருக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. எழுத்தால் சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் படம் புரிகிறது. அந்தப் படக் கலையை முறையாகக் கற்க வேண்டும்.

ஜப்பானுக்குப் பயணம்

சென்னைக்குப் போட்டோக் கலை அப்போது புதிது அல்ல. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் அரசினர் கலைக் கல்லூரி ஆனது அந்தப் பள்ளிதான். சித்திரம், மண்பாண்ட வேலை, செதுக்கு வேலை ஆகியவற்றோடு போட்டோப் பிடிப்பதையும் 1850-களிலேயே அங்கே கற்றுக் கொடுத்தார்கள்.

ஆனாலும் 1930-களில் நம் ஊரில் போட்டோத் தொழில் கற்க விரும்பிய பையன் வழக்கமாகச் செய்தது வேறு. ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேருவான். திரைச் சீலையைச் சுருட்டுவான், தண்ணீர் தூக்குவான், தட்டுக் கழுவுவான். முதலாளி மனம் வைத்தால் காமிராவைத் தொடலாம்!

கருப்பன் செட்டியார் அந்த வழியில் போகவில்லை. 1930-களின் நடுவில் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். டோக்கியோ நகரில் மாணவராகச் சேர்ந்து போட்டோக் கலை பயின்றார்.

ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் மாணவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மொழி தெரியாத ஊர். உணவு வேறு, குளிர் வேறு. வருமானம் இல்லை. ஆனாலும் அவர் திரும்பிவிடவில்லை. கலையையும் கற்றார், ஊரையும் பார்த்தார். பார்த்ததை எல்லாம் தமிழில் கட்டுரைகளாக எழுதினார்.

இருட்டறைப் பாடம்

கருப்பு வெள்ளைப் போட்டோக் கலையை அந்த நாளில் கற்றவர்கள் என்னதான் கற்றார்கள்?

இன்று கைப்பேசியைத் தூக்கினால் படம். பிடிக்கவில்லையா? அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். அன்று அப்படி இல்லை. பிலிம் என்பது ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்புப் பூசிய சுருள். காமிராவின் கண் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். அதற்குள் ஒளி பிலிமில் விழுந்துவிடும். ஆனால் எடுத்தவுடன் அதில் ஒன்றும் தெரியாது. படம் அதற்குள் ஒளிந்திருக்கும்.

அதை வெளியே கொண்டு வருவது இருட்டறை வேலை.

முதலில் கும்மிருட்டில் பிலிமை எடுத்து 'டெவலப்பர்' என்ற மருந்தில் போட வேண்டும். ஒளி பட்ட இடமெல்லாம் கறுக்கும். இத்தனை நிமிஷம் என்று கணக்கு உண்டு. மருந்தின் சூட்டுக்கும் கணக்கு உண்டு. நேரம் கூடினால் கரி. குறைந்தால் வெறும் புகை. அடுத்து புளிப்புத் தண்ணீர். அது டெவலப்பரின் வேலையை நிறுத்தும். பிறகு 'ஹைப்போ'. ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும். இனிமேல் வெளிச்சத்தில் காட்டலாம். கடைசியில் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். போட்டோ 'கழுவுவது' என்று நம் மக்கள் சொன்னார்களே, அந்தப் பெயர் பொருத்தமானதுதான்.

இப்போது கையில் இருப்பது நெகட்டிவ். அதில் எல்லாமே தலைகீழ். வெள்ளை வேட்டி கறுப்பாகத் தெரியும். கறுத்த தலைமுடி வெள்ளையாகத் தெரியும். நெகட்டிவின் வழியே மருந்து பூசிய காகிதத்தில் ஒளியை விழச் செய்து, காகிதத்தையும் மறுபடி மருந்துகளில் போட்டு எடுத்தால்தான் படம். இதற்குச் சிவப்பு விளக்கு எரியலாம். அந்த மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், வெறும் வெள்ளைக் காகிதத்தில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வரும். அதை முதல் தடவை பார்க்கும் மாணவன் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான்!

வண்ணம் இல்லாத உலகம்

மருந்து வேலை பாதி. கண்ணைப் பழக்குவது மீதிப் பாதி.

உலகம் வண்ணமயமானது. பிலிமுக்கோ வண்ணம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் பலவகைச் சாம்பல் நிறங்கள். பச்சைப் பசேல் என்ற வாழை மரத்தின் முன்னே சிவப்புச் சேலை கட்டிய பெண்ணை நிறுத்துங்கள். நம் கண்ணுக்கு அவள் பளிச்சென்று தெரிவாள். கருப்பு வெள்ளைப் படத்தில் சேலையும் இலையும் ஒரே சாம்பலாகி, அவள் மரத்தோடு மரமாக மறைந்துவிடக்கூடும்.

அதனால் மாணவன் நிறத்தை மறந்து ஒளியைப் பார்க்கப் பழக வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? நிழல் எங்கே விழுகிறது? கோடுகள் எப்படி ஓடுகின்றன? எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது? இது ஓவியனின் பாடமும் ஆகும். கோலம் போடும் பெண்ணுக்கும், கடைக்குப் பலகை எழுதும் ஓவியருக்கும் தெரிந்த பாடம்தான் இது. எதையும் சேர்ப்பதைவிட, வேண்டாததை விலக்குவதே கடினம்.

சிக்கனமும் ஒரு பாடம். பிலிம் விலை அதிகம். ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் காசு செலவு. ஆகவே, முதலில் பார்க்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அழுத்த வேண்டும். இந்தப் பொறுமை செட்டியாருக்குப் பின்னால் பெரிதும் கைகொடுத்தது.

நியூயார்க்கில் பட்டயம்

டோக்கியோப் படிப்போடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் நகரில் 1910 முதல் நடந்துவந்த புகழ்பெற்ற போட்டோக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1937-ல் படிப்பை முடித்தார்.

அப்போதைய நியூயார்க், படங்களின் தலைநகரம். புகைப்படங்களையே முதன்மையாகக் கொண்ட 'லைஃப்' பத்திரிகை 1936 நவம்பரில் அங்கேதான் வெளிவரத் தொடங்கியது. சினிமாக் கொட்டகைகளில் கதைப் படத்துக்கு முன்னால் செய்திப் படம் காட்டினார்கள். உலகில் நடந்த யுத்தம், வெள்ளம், ஊர்வலம், தலைவர்களின் பயணம் எல்லாம் அதில் வந்தன.

அந்தச் செய்திப் படங்களில் காந்தியடிகளும் வந்தார். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது தண்டியை நோக்கி அவர் நடந்ததை உலகம் பார்த்தது. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போனபோது படப்பிடிப்பாளர்கள் அவரை மொய்த்தார்கள். அதே 1931-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி அவரைப் பேட்டி கண்டு, குரலோடு படம் பிடித்தது.

ஆனால் செய்திப் படத்தின் ஆயுள் ஒரு வாரம். அடுத்த வாரம் புதுப் படம் வந்தால் பழையது பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டி லண்டனில் ஒரு கிடங்கில் இருக்கும், நியூயார்க்கில் ஒரு கிடங்கில் இருக்கும், பம்பாயில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒன்று சேர்த்தால்? இதுதான் கப்பலில் பிறந்த எண்ணம்.

தேடல் தொடங்கியது

தாயகம் திரும்பிய செட்டியார், சென்னையில் 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். டாக்குமெண்டரி என்றால் உள்ளதை உள்ளபடி காட்டும் உண்மைப் படம்.

அது தமிழ்ப் பேசும் படம் பிறந்து சில ஆண்டுகளே ஆன காலம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது 1931-ல்தான். புராணக் கதைக்கும் பாட்டுக்கும் கூட்டம் கூடிய நாள். கதாநாயகி இல்லாத, கதையே இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள்? போட்ட பணம் திரும்பும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. அதோடு, நாட்டை ஆண்டது பிரிட்டிஷ் அரசு. காந்தியடிகளைப் பற்றிய படத்தை அது விரும்புமா?

செட்டியார் இதை எல்லாம் அறிந்தே இறங்கினார்.

இந்தியா முழுவதும் அலைந்தார். இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா என்று சுற்றினார். காந்தியடிகள் 21 ஆண்டுகள் வாழ்ந்து போராடிய தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். அவர் பயணம் செய்த மொத்தத் தூரம் ஏறத்தாழ 1 லட்சம் மைல்! பூமியின் சுற்றளவு சுமார் 25 ஆயிரம் மைல். அப்படியானால் நான்கு தடவை உலகைச் சுற்றியதற்குச் சமம். இன்று போல் விமானம் கிடையாது. பெரும்பாலும் கப்பல், ரெயில்.

நூறு பேர் எடுத்த படம்

முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படப்பிடிப்பாளர்கள் எடுத்த துண்டுகளை அவர் திரட்டினார். எத்தனை கிடங்குகள்! எத்தனை கடிதங்கள்! ஒரு துண்டு கிடைக்கும் என்று நம்பிப் போன இடத்தில் ஒன்றும் இராது. எதிர்பாராத இடத்தில் புதையல் கிடைக்கும்.

இப்படிச் சேர்ந்த பிலிமின் நீளம் 50 ஆயிரம் அடி.

இது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேசும் படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். ஓர் அடி பிலிமில் 16 சட்டங்கள். ஆகவே ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடிவிடும். 50 ஆயிரம் அடியையும் போட்டுப் பார்த்தால் 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! அதைச் சலித்து, கோத்து, 12 ஆயிரம் அடியாகச் சுருக்கினார் செட்டியார். அதாவது சுமார் இரண்டேகால் மணி நேரம். நான்கு அடியில் மூன்று அடிக்கும் மேல் ஒதுக்கிவிட்டார். இருட்டறையில் கற்ற பாடம் இது. வேண்டாததை விலக்குவது.

தொழில் சிக்கல்களும் குறைவல்ல. பழைய ஊமைப் படங்களை நொடிக்குச் சுமார் 16 சட்டங்கள் என்ற கணக்கில் எடுத்திருந்தார்கள். அதைப் பேசும் பட வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? மனிதர்கள் விடுக் விடுக்கென்று பொம்மை போல் ஓடுவார்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். காந்தியடிகளின் நடையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதல்லவா! அது மட்டுமா? ஒருவர் எடுத்த படம் வெளுத்திருக்கும், இன்னொருவர் எடுத்தது கறுத்திருக்கும். படியெடுக்கப் படியெடுக்கத் தெளிவும் குறையும். நூறு கைகள் எடுத்ததை ஒரே படமாகப் பார்க்கச் செய்ய வேண்டும். மருந்துக் கணக்கும் ஒளிக் கணக்கும் தெரிந்தவர்தான் இதில் துணிந்து இறங்க முடியும்.

இன்னோர் அபாயமும் இருந்தது. அந்தக் காலத்துச் சினிமாப் பிலிம் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. ஒரு பொறி பட்டால் போதும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அப்படிப்பட்ட சுருள்களைத்தான் கடல் கடந்து கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1939 செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தமும் மூண்டுவிட்டது.

திரைக்கு வந்தது!

1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி. தமிழ் விளக்க உரையுடன் 'மகாத்மா காந்தி' படம் சென்னையில் திரையிடப்பட்டது. தெலுங்கு உரையுடனும் படம் தயாரானது.

அது எப்படிப்பட்ட நேரம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவை யுத்தத்தில் சேர்த்ததைக் கண்டித்து, 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜி மந்திரிசபையும் விலகியது. காந்தியடிகள் அடுத்து என்ன செய்வார் என்று நாடு காத்திருந்தது. 1940 அக்டோபரில் தனி நபர் சத்தியாகிரகம் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் இந்தப் படம்!

காந்தியடிகளை நேரில் கண்டவர்கள் நாட்டில் பலர் உண்டு. ஆனால் காணாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. பத்திரிகை படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் மிகப் பலர். அவர்களுக்கு முன்னால் திரையில் காந்தியடிகள் நடந்து வந்தார்.

அப்போது செட்டியாருக்கு வயது 28.

அவர் எழுதிய 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற பயண நூல் வெளிவந்ததும் அதே 1940-ல்தான். அந்த நூலின் பெயரே அவருக்குப் பட்டப் பெயர் ஆயிற்று.

மறைந்திருந்த படம்

யுத்தம் முற்றியது. 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வெடித்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். காந்தி படத்தை வெளிப்படையாகக் காட்டக்கூடிய காலம் அல்ல அது. அரசு பறிமுதல் செய்துவிடுமோ என்ற அச்சத்தில் படம் பெட்டிக்குள் முடங்கியது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் தில்லியில் அந்தப் படம் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரி 30-ந் தேதி காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். நேரில் காணும் வாய்ப்பு இனி யாருக்கும் இல்லை. படத்தின் மதிப்பு ஒரே நாளில் பல மடங்கு உயர்ந்துவிட்டது.

செட்டியார் மறுபடி அமெரிக்கா போனார். ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் தயாரானது. 'மகாத்மா காந்தி: இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி' என்பது அதன் பெயரின் பொருள். குவென்டின் ரேனால்ட்ஸ் என்ற பெயர் பெற்ற பத்திரிகையாளர் ஆங்கில உரை சொன்னார். 1953-ல் அது அமெரிக்காவில் திரையிடப்பட்டது.

தன்னைக் காட்டாதவர்

இத்தனை பெரிய காரியம் செய்தவர் சினிமாத் துறையில் பெரும் புள்ளி ஆகியிருக்கலாம். செட்டியார் ஆகவில்லை. மறுபடியும் பத்திரிகை ஆசிரியர் நாற்காலிக்கே திரும்பினார்.

1943-ல் அவர் தொடங்கிய 'குமரி மலர்' மாத இதழ், அவருடைய வாழ்நாள் தொண்டு ஆயிற்று. அதிலும் அவர் செய்தது தேடும் வேலைதான். மறந்துபோன பழைய பத்திரிகைகளிலிருந்து அரிய கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். பாரதியார் எழுதி, நூல்களில் சேராமல் கிடந்தவற்றையும் வெளியிட்டார். பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டித் 'தமிழ்நாடு' என்ற பெரிய தொகுப்பாக்கினார். குடகு நாட்டைப் பற்றித் தனி நூல் எழுதினார். அவருடைய நடை எளிய நடை. பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம்.

விளம்பரம் அவருக்குப் பிடிக்காது. காந்தியடிகளின் படத்தைத் தேடி உலகத்தையே சுற்றியவர், தம்மைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தம்முடைய படத்தைப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளவும் ஆசைப்படவில்லை. காமிராவுக்குப் பின்னால் நிற்பதே அவருக்குப் பிடித்த இடம்.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். வயது 71.

படம் எங்கே?

இனிமேல்தான் வருத்தமான பகுதி.

அவர் எடுத்த தமிழ்ப் படம் இப்போது கிடைக்கவில்லை. தெலுங்குப் படமும் கிடைக்கவில்லை. 1 லட்சம் மைல் அலைந்து திரட்டிய படம் எங்கே போயிற்று?

இது செட்டியாருக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. தமிழகத்தின் முதல் ஊமைப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 'காளிதாஸ்' படமும் இல்லை. பிலிமுக்கு வெப்பமும் ஈரமும் எதிரி. நம் ஊரிலோ இரண்டுக்கும் பஞ்சமில்லை. கவனிக்காமல் விட்டால் சுருள் ஒட்டிக்கொள்ளும், பொடியாகும், சில சமயம் எரிந்தும் போகும். வெள்ளிக்காகப் பழைய பிலிமை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. படங்களைக் காப்பதற்கென்றே புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964-ல்தான். அதற்குள் எவ்வளவோ அழிந்துவிட்டது.

நல்ல வேளையாக, ஆங்கில வடிவம் தப்பியது. வரலாற்று ஆசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் தேடி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதன் பிரதியைக் கண்டுபிடித்தார். படம் தயாரான வரலாற்றைச் செட்டியார் எழுதிய கட்டுரைகளையும் திரட்டி, 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகப் பதிப்பித்தார். பிறர் எடுத்த படங்களைத் தேடி அலைந்தவர் செட்டியார். அவர் எடுத்த படத்தைத் தேடி இன்னொருவர் அலைய வேண்டி வந்தது!

தரமணியில் ஒரு பொக்கிஷம்

கோட்டையூர் தமிழுக்குத் தந்தவர் செட்டியார் ஒருவர் மட்டும் அல்ல. அதே ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். சம்பாதித்த பணத்தை எல்லாம் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம் ஆகியவற்றில் போட்டுச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்த செல்வம் சிதறாமல் சென்னைக்கு வந்தது. தென்சென்னையில், தரமணியில் 'ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்' என்ற பெயரில் அது இன்று விளங்குகிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் அதிக தூரம் இல்லை.

அதே தரமணியில்தான் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. வடிவமைப்புக் கலை கற்பிக்கும் 'நிஃப்ட்' கல்லூரியும் இருக்கிறது. ஒளி என்ன, நிழல் என்ன, சட்டத்துக்குள் எதை வைப்பது என்று கற்க, தாம்பரத்துப் பிள்ளையோ, குரோம்பேட்டைப் பெண்ணோ இன்று டோக்கியோவுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. காலையில் பஸ் ஏறினால் போதும். காமிராவும் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதற்குரிய கண்ணையும் பொறுமையையும் மட்டும் மாணவர்களே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டுப் படங்கள்

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் எத்தனையோ வீடுகளில் கருப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் இருக்கின்றன. தாத்தாவும் பாட்டியும் கல்யாணக் கோலத்தில் நிற்கும் படம். ரெயில்வேயில் வேலை பார்த்த மாமாவின் படம். பள்ளிக்கூட வகுப்புப் படம். கறையான் அரித்தும், மழைத் தண்ணீர் பட்டும் அவை ஒவ்வொன்றாய் அழிந்துகொண்டிருக்கின்றன.

அவற்றைக் காப்பாற்றப் பெரிய செலவு வேண்டாம். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள். வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், சுத்தமான காகித உறையில் போட்டு, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். படத்தின் முகப்பை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு, பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். நெகட்டிவ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். கைப்பேசியிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரியாத படம் இரண்டு தலைமுறையில் வெறும் காகிதம் ஆகிவிடும். ஒரு மகாத்மாவின் படத்தைக் காக்க, கோட்டையூர் வாலிபர் ஒருவர் 1 லட்சம் மைல் நடையாய் நடந்தார். நம் தாத்தாவின் படத்தைக் காக்க நாம் நடக்க வேண்டியது அலமாரி வரைக்கும்தான்.